பெயர் போடும் இடம்

“நாப்பது வயசுல எழுத்துப் படிக்கப் போனது இதுக்குத்தானா?” என் வீட்டுக்காரி மாரா ஒரு புத்தகத்தை என் மடியில் வீசினாள். “பக்கத்து வீட்டு ஸ்தெஃப்கா கொண்டாந்து காட்டிச் சிரிக்கிறா. எவளுக்குய்யா இந்தக் காதல் கவிதை?”

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ‘உரிமை: வெலிச்கோ சானெவ், பூச்சுவேலை, ப்ளோவ்டிவ்.’ சாட்சாத் நானேதான்! கையெழுத்தைத் தாண்டி நான் எதையும் எழுதியதில்லை. சொன்னால் நம்பவா போகிறாள்?

எனக்குத் தெரிந்த வக்கீல் ரத்காவிடம் ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“எழுதுறவங்க தங்க புத்தகத்தை யாரும் பகிரலாம்னு அனுமதி குடுக்க ஒரு உரிமப் பத்திரம் தயார் பண்ணினேன். அந்தப் பத்திர வாசகத்துக்கும் எனக்கு உரிமை வேணாம், கேக்காமலே எடுத்துக்குங்கன்னு பொதுவுல விட்டுட்டேன். பேர் போடுற இடத்துல மாதிரிக்கு ஒரு பேர் வேணும். அப்போ நீங்க என் சமையலறைச் சுவரைப் பூசிட்டிருந்தீங்க.”

“அதுக்கு?”

“உங்க பேரைப் போட்டேன். இந்தக் கவிதை எழுதினவர் பேரைக்கூட மாத்தாம அப்படியே எடுத்துப் போட்டிருக்காரு. என்னோடதை ஊருக்குக் குடுத்தேன், ஊரோடது உங்களுக்கு வந்துடுச்சு!”

“அதை என் வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுங்கம்மா, புண்ணியமாப் போகும்.”

வந்தார். கதவைத் திறந்ததும், பாலாடைக்கட்டி வைத்துச் சுடச்சுடச் சுட்ட பனிட்சா வாசனை. பச்சை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஸ்தெஃப்காவுக்குக் கவிதை வாசித்துக்கொண்டிருந்தாள் மாரா.

“முழுசாப் படிச்சேன்யா. பச்சை ஸ்கார்ஃப், கன்னத்து மச்சம், எல்லாம் நான்தான்! இத்தனை வருஷமா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னியா?”

வக்கீலம்மா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

தட்டிலிருந்து பனிட்சாவைப் பெரிய துண்டாக எடுத்து அந்த வாயில் வைத்து அடைத்தேன்.

“ஆறிடப் போகுது, சாப்பிடுங்கம்மா.”