சட்டையில் ஆட்டு வாடை

துவைக்க எடுத்த சட்டையை மோந்து பார்த்த கலாராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை ஆட்டிறைச்சி வாடை!

"என்னாங்க, காலையில எங்க போனீங்க?"

"உக்குவளை டவுனுக்குத்தான். பேப்பர் வாங்க." சண்முகராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேப்பர் எங்க?"

"முடிஞ்சிருச்சுன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமையானால் இவருக்கு மட்டும் பேப்பர் முடிந்துவிடும்!

அவருக்குக் கிட்னி பாதி போய்விட்டது, இன்னும் கெட்டால் மெஷினில்தான் ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும் என்று கிளினிக் டொக்டர் சொல்லியிருந்தார். ஆட்டிறைச்சியைத் தொடவே கூடாது. அன்றிலிருந்து கலாராணி கீரையைக்கூட அவித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் ஆக்குகிறாள். "அவரு தின்னாதது எனக்கும் வேணாம்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டு, இறைச்சிச் சட்டியையும் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு றிப்கா அனுப்பும் ஆட்டுக்கறிக் கிண்ணம் மட்டும் வேறு விஷயம். மகள் குர்ஆன் ஓதி முடித்தாள், மாமா மக்காவுக்கு உம்ரா போனார் என்று ஏதாவது ஒரு காரணத்தோடு அது வரும். அன்போடு வந்ததைத் திருப்பி அனுப்பினால் மரியாதையா? அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டு, வாடை போகக் கையில் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவிவிடுவாள். நல்லவேளை, குளிக்கப் போனால் மனுசன் லேசில் வரமாட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் பின்னாலேயே போனாள்.

சந்தேகப்பட்டது சரிதான். இறைச்சிக்கடையில் ஒரு பார்சல் வாங்கினார். நேரே றிப்கா வீட்டுப் பின்பக்கமாக நுழைந்தார். சற்று நேரத்தில் வெறுங்கையோடு, வாயைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

அவர் தலை மறைந்ததும் கலாராணி றிப்காவின் குசினிக்குள் புகுந்தாள். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"நீயும் ஒரு பொம்பளதானே றிப்கா? என் புருஷனைக் கொல்லவா பாக்குற? நாளைக்கு அவரு மெஷின்ல கெடந்தா நீயா வந்து பாப்ப?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அல்லாவே! அவர் ஒரு துண்டும் வாயில வெக்கல்லக்கா. அரைக் கோப்பை பிளேன்டீதான் குடிச்சார்."

"அப்ப இந்தக் கறி யாருக்கு?"

றிப்கா அலுமாரியைத் திறந்து, கலாராணிக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தாள்.

"சொல்ல வேணாம்ண்டு சத்தியம் வாங்கினவர். இனி மறைக்க ஏலாது. 'எனக்காக அவ வாயைக் கட்டிட்டா, நான் வாங்கிக் குடுத்தா தின்னமாட்டா'ண்டு சொல்லி இறைச்சிய இங்க கொண்டுவந்து தாரார்..."

றிப்கா கறியை அள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"நீங்க கதவச் சாத்திக்கிட்டுச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும், பாத்ரூம்ல பைப்பைத் தொறந்துவிட்டுட்டு சும்மா நிப்பாராம்க்கா."