தவசியின் நாக்கு

கம்பத்து ஒயின் கூடத்தில் இப்போதெல்லாம் ருசி பார்ப்பது இயந்திரம்தான். அதற்குள் பதிவாகி இருப்பது, முன்பு அங்கே ருசி பார்த்த தவசியின் நாக்கும் குரலும். தவசி செத்து மூன்று வருடமாகிறது.

அதற்கு முன்பு ஒருநாள் சபை நடுவே, "எங்க வீட்டு ஒயின் கட்டிப்போட்ட நாய் மாதிரி. காட்டு வாசமே இல்ல" என்று சொல்லிவிட்டான். பரம்பரையின் பெயரைக் கெடுத்தவன் என்று அவனைத் துரத்திய அப்பா ஒச்சப்பர், பிணத்தின் முகத்தில்கூட விழிக்கவில்லை.

பிறகு என்ன நினைத்தாரோ, திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்வதை நிறுத்தினார். கொடிகள் புதராய் மண்டின. ஈஸ்ட் போடாமல் சாற்றைத் தானாகவே புளிக்கவிட்டார். மகன் வாயால் ஒரு நல்ல சொல் கேட்க வேண்டும் என்று, பெயர் சொல்லாமல் அந்தப் புட்டியை இன்று கொண்டுவந்திருந்தார்.

இயந்திரம் உறிஞ்சியது.

"அடேயப்பா! மழை நனைச்ச பாறை, காட்டு நாவல், பன்னி புரண்ட சேறு. தொண்டைய நகத்தால கீறுது. எவனுக்கும் அடங்காதது இது!"

ஒச்சப்பர் ஓரடி முன்னே வந்தார்.

"எங்க அய்யாவுக்கு ஒரு வாய் குடுங்க. நான் என்ன கேட்டேன்னு அவருக்குப் புரியும்" என்று தொடர்ந்தது இயந்திரம்.

"புரிஞ்சுபோச்சுடா தவசி. நான்தான்டா செஞ்சேன்" என்றார் ஒச்சப்பர். கூடமே திரும்பிப் பார்த்தது.

இயந்திரம் தன் குழாயைக் கழுவிக்கொண்டது.

"அடுத்த புட்டி?" என்றது தவசியின் குரல்.