இருவாச்சி பார்த்துவிட்டு வந்த லென்ஸ்

எஸ்தரின் கேமராவுக்கு இரண்டு ஜூம் லென்ஸ்கள். பெரியது முழங்கை நீளம். சின்னது ஒரு டம்ளர் உயரம்தான். மலையேறும் நாளெல்லாம் அவள் பெரியதைக் கையில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு, பூஞ்சை பிடிக்காமலிருக்க வாங்கிய பெட்டிக்குள் அதைத் திரும்ப வைத்துவிட்டு, சின்னதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அன்று மாலை சின்னது பனியில் நனைந்து வந்தது. எஸ்தர் பெட்டியைத் திறந்து துணி எடுத்தாள். சின்னதைத் துடைத்து மேஜைமேல் காயவைத்தாள். பெட்டியைச் சரியாக மூடாமலே போய்விட்டாள்.

"என் கண்ணாடியில ஒரு தூசி உண்டா, பாரு. நீ என்னடா இப்படி வந்திருக்கே?" என்றது பெரியது.

"இருவாச்சிப் பறவையைப் பார்த்தேன் அண்ணே."

"உன் கண்ணுக்கு எவ்வளவு பெருசாத் தெரிஞ்சுது?"

"நகத்தளவு."

பெரியது சிரித்தது. "நானா இருந்தா அதோட இமைமுடியையே எண்ணியிருப்பேன்."

"எண்ணியிருப்பீங்க அண்ணே. ஆனா அது வந்தப்போ, காடே மூச்சு விட்ட மாதிரி றெக்கைச் சத்தம். எஸ்தரக்கா பட்டனை அமுக்கவே மறந்துட்டாங்க. அதோட பெட்டை, மரப்பொந்து வாயைப் பூசி, தன்னைத்தானே உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கு. மாசக்கணக்கா வெளியவே வராதாம். ஒரு சின்ன இடுக்கு மட்டும்தான். ஆண் பறவை அந்த இடுக்கு வழியா ஒரு அத்திப்பழத்தை நீட்டுச்சு. உள்ளேருந்து ஒரு அலகு வந்து வாங்கிக்கிச்சு அண்ணே!"

பெரியது, பெட்டியின் மூடி விலகியிருந்த இடுக்குப் பக்கமாக மெல்ல உருண்டு வந்தது.

"இன்னும் சொல்லுடா" என்றது.