சுற்றினால் எரியும்

நான்காவது சுற்றும் முடிந்தது. மலை உச்சியில் ஒரு பொறிகூட இல்லை.

வளவன் கன்ட்ரோலரை மெத்தைமேல் வீசினான். தரையில் வீசத்தான் கை போனது. புதுசாயிற்றே என்று மனம் வரவில்லை.

இந்த 'ஆஷ்மவுண்ட்' கேமுக்காக ஐந்து வருடம் காத்திருந்தவன் அவன். முதல் ட்ரெய்லரில் ஒரு மலை, அடிவாரத்தைச் சுற்றி ஒரு பாதை, கடைசி நொடியில் உச்சியில் குப்பென்று ஒரு தீ. அவ்வளவுதான் காட்டினார்கள். அது எப்படி எரிகிறது என்று வெளிநாட்டுக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"சுத்தணும்ங்க," என்று தன் யூடியூப் சேனலில் அடித்துச் சொன்னான். "செருப்பைக் கழட்டிட்டு, மலை வலது கைப்பக்கம் வர்ற மாதிரி சுத்தணும். தானா எரியும். எழுதி வச்சிக்கங்க."

எழுதித்தான் வைத்துக்கொண்டார்கள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வந்து தங்குகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. அங்கே அவனை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. சேனலில் அவன் 'மலை அண்ணன்'. அந்தப் பெயரை விட மனமில்லாமல் வாரத்துக்கு ஒரு வீடியோ போட்டு ஊதி ஊதிப் பெரிதாக்கினான். தீ எரியும்போது அழுதுவிடுவீர்கள் என்றான். தானும் அழப்போவதாக முன்கூட்டியே சொல்லிவைத்தான்.

இன்றைக்குத்தான் கேம் வந்தது. காய்ச்சல் என்று விடுதியில் பொய் சொல்லிவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நெட்டில் எல்லோரும் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து ஆடுகிற கேம் அது. கதைப்படி ஆடினால் மலைக்கு வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும். வளவனும் அவன் பேச்சை நம்பிய கூட்டமும் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே மலையடிக்கு ஓடினார்கள். ஆளாளுக்குத் தங்கள் வீரனின் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

வழியில் ஏரி இருந்தது, இடிந்த கோட்டை இருந்தது, ஆட்டு மந்தை இருந்தது. வளவன் எதையும் நின்று பார்க்கவில்லை. கண் உச்சியைவிட்டு இறங்கினால்தானே?

இப்போது சாயங்காலம். போனில் மானம் போய்க்கொண்டிருந்தது.

'அண்ணா, கால் வலிக்குதுண்ணா.'

'அஞ்சு வருஷமா எங்களுக்கு நல்லா மொட்டை அடிச்சீங்கண்ணா.'

வளவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கேமே இல்லை, ஏமாற்று வேலை என்று பதில் அடிக்க ஆரம்பித்தான்.

காபி கொண்டுவந்த சிந்துஜா மெத்தையில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்தாள். திண்டிவனத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம். இதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை.

"நான் கொஞ்சம் ஆடிப் பாக்கட்டுங்களா?"

"ஆடு, ஆடு. அதுல ஒரு எழவும் இல்ல."

கேமில் வந்த ஏரியில் இறங்கிக் குளித்தாள். ஓர் ஆடு பின்னாலேயே வருகிறது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஒன்றும் தெரியாதவளுக்கு எல்லாமே வேடிக்கைதான். டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கேம் கம்பெனியைத் திட்டுவதைத் தொடர்ந்தான்.

"என்னங்க, இங்க பாருங்களேன்!"

"இரு."

"சீக்கிரம்ங்க!"

"இருன்னு சொல்றேன் இல்ல?"

குப்பென்று ஒரு சத்தம். எதிர்ச் சுவர் ஆரஞ்சு நிறமானது. அவன் திரும்பியபோது டிவியில் தீ ஆள் உயரத்தைத் தாண்டி எரிந்துகொண்டிருந்தது.

"என்ன பண்ணுன நீ?"

"மேல ஏறினேன். விறகு அடுக்கி வச்சிருந்துச்சு. பட்டனை அமுக்கச் சொல்லுச்சு, அமுக்கினேன்."

"மலை மேல எதுக்கு ஏறுன?"

"ஏறக் கூடாதா?"

ஐந்து வருடத்தில் அந்த மலைமேல் கால் வைக்கலாம் என்று அவனுக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

போன் விடாமல் அதிர்ந்தது. 'எரிஞ்சிடுச்சு!' 'சுத்தினா எரியும்னு அண்ணன் அன்னைக்கே சொன்னாரு!' 'அழுதுட்டேன்ணா, சத்தியமா.'

டிவியில், உச்சியிலிருந்து பார்க்க, பாதை முழுக்கச் சின்னச் சின்ன ஆட்கள். எல்லோரும் நடையை நிறுத்திவிட்டுத் தலைக்குமேல் கையைத் தூக்கியிருந்தார்கள்.

போன பெயர் திரும்பி வந்துவிட்டது. ஆனால் ட்ரெய்லரில் நூறு தடவை பார்த்த அந்த ஒரு நொடி நிஜமாகவே வந்தபோது அவன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

சிந்துஜா அவன் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, நீங்க பாக்கலியா? அதனால என்னங்க, அணைக்கிறதுக்கும் ஒரு பட்டன் காட்டுது. அணைச்சிட்டு இன்னொரு வாட்டி ஏத்திக் காட்டட்டுமா?"

கட்டைவிரல் பட்டன்மேல் தயாராக இருந்தது. கீழே யாரும் இன்னும் கையை இறக்கவில்லை.

"வேணாம், விடு," என்றான் வளவன்.

போனில் ஒருவன் கேட்டிருந்தான். 'எரியும்போது நீங்க எங்கண்ணா இருந்தீங்க?'

'கீழதான் தம்பி,' என்று அடித்தான். 'உங்க பக்கத்துலதான் நடந்துக்கிட்டிருந்தேன்.'