வீரமுத்து வீட்டுச் சமையல்

தேர்தல் என்று வந்துவிட்டால் குணாளனுக்கு ஈவிரக்கம் கிடையாது. கோலாலம்பூரில் எத்தனையோ பெரிய தலைகளை வதந்தியாலேயே கவிழ்த்தவன். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் மச்சான் இராமையா கோயில் தலைவர் பதவிக்கு நிற்கிறார் என்றதும், அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனைவி துளசியோடு மலையேறி வந்துவிட்டான்.

“எதிர்த்து நிக்கிற வீரமுத்துவப் பத்தி அசிங்கமா ஏதாச்சும் சொல்லுலா,” என்றான் அவளிடம்.

துளசி குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுல அவர்தான் சமைக்கிறாராம். பொண்டாட்டி துணியக்கூட அவரே துவைக்கிறாராம்.”

“போதும்! ஆளு காலி!”

மறுநாளே கதை காய்கறி லோரி ஏறி பிரிஞ்சாங் பட்டணம் வரை போய்விட்டது. ஆண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஞாயிறன்று கோயில் வாசலில் கை தூக்கி ஓட்டு. ஆண்களெல்லாம் இராமையாவுக்குத் தூக்கினார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களோ ஒருத்தி விடாமல் வீரமுத்துவுக்குத் தூக்கினார்கள். தோட்டத்தில் பெண்கள்தான் அதிகம். வீரமுத்து தலைவரானதும் முதலில் கை தட்டியவள் துளசி.

தங்கியிருந்த வீட்டுக்கு வந்ததும் குணாளன் குதித்தான். “தோத்தது உன் அண்ணன்டி! அந்த வீரமுத்து நெசமாவே சமைக்கிறானா?”

“இதுவரைக்கும் சுடுதண்ணிகூட வச்சதில்லைங்க. அவர் பொண்டாட்டியும் நானும் சேர்ந்து கட்டுன கதை. ஜெயிச்சிட்டாருல்ல, இனிமே சமைச்சுத்தானே ஆகணும்?”

துளசி வெங்காயக் கூடையை அவன் முன்னால் வைத்தாள். “நறுக்குங்க.”

“நானா?”

“நம்ம வீட்டுலயும் நீங்கதான் சமையல்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா. பார்க்க வந்திருக்காங்க.”

வாசல் நிறையப் பெண்கள். குணாளன் வேட்பாளரைப் போல அவர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கத்தியை எடுத்தான்.