மாமியார் சாப்பிடவில்லை

இரண்டு கிண்ணங்களையும் தரையில் வைத்துவிட்டு அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

மாமியார் எழுந்திருக்கவில்லை.

மாமியார் என்பது ஒரு சாம்பல் நிறப் பூனை. பூனைக்கும் நாய்க்கும் தீனி தயாரிக்கிற அந்தக் கம்பெனியில், புதிதாக எது வந்தாலும் ருசி பார்க்க வளர்க்கப்படும் பூனைகளில் மூத்தது. எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்து, குற்றம் கண்டுபிடித்த முகத்தோடு திரும்பிப் போய்விடும். அதனால் அந்தப் பெயர். அங்கே வேலை செய்யும் கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஒருமனதாக வைத்தது.

அதுவே வாய் வைத்துவிட்டால் சரக்கு விற்றுவிடும் என்று அர்த்தம்.

பூனைகளுக்குத் தீனி வைப்பதுதான் அவள் வேலை. மற்றவர்கள் மாமியாரைத் திட்டுவார்கள். அவள் திட்டமாட்டாள். வீட்டில் அவளுடைய மூன்று வயது மகளும் அதே ரகம். ஒரு வாய் ஊட்டுவதற்குள் உயிர் போய்விடும். எடை பார்க்கிற டாக்டர் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்குவார். அவர் உதட்டைப் பார்க்கப் பயந்தே அவள் பாதி இளைத்துவிட்டாள்.

நல்லவேளை, கொஞ்ச நாளாக அந்தக் கவலை தீர்ந்திருந்தது. இப்போதெல்லாம் மகள் சாப்பிட்ட தட்டைக் கழுவவே வேண்டாம். இதைச் சொல்லிச் சொல்லி அவள் பூரித்துப்போனாள்.

போன மாதம் மாமியாரும் வாய் வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை.

காரணம் ஒரு பழுப்புப் பொடி. தீனியின் மேல் ஒரு சிட்டிகை தூவினால் போதும், பூனைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்றன. தீனியை எடுத்துவிட்டு வெறும் தவிட்டில் தூவினார்கள். அதையும் தின்றன. கடைசியில் அட்டைத் துண்டில் தூவினார்கள். மாமியார் அட்டையைத் தின்று முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் அவளை நிமிர்ந்து பார்த்தது.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பை வாங்கினவன் ஆயுசுக்கும் நம்மை விட்டுப் போக முடியாது என்று எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

பொடியில் விஷம் ஒன்றும் கிடையாது. ஈரல், ஈஸ்ட், உப்பு. மனிதர்களே தின்னலாம் என்று கெமிஸ்ட் விரலில் தொட்டு நக்கிக் காட்டினார். அவள் அதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

பொடி இல்லாமலும் தின்கின்றனவா என்று பார்க்க, இந்த வாரம் அதை நிறுத்தினார்கள். பழைய தீனியை வைத்தார்கள். மீன் போட்ட நல்ல தீனி. பசித்தால் தானாக வரும் என்றார் மேனேஜர்.

வரவில்லை.

மறுபடி பொடியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தார்கள். குறைந்ததுமே பூனைகள் கண்டுபிடித்துவிட்டன. கிண்ணங்கள் நிறைந்தபடி உள்ளே போய் நிறைந்தபடி வெளியே வந்தன. கத்தல் இல்லை, சண்டை இல்லை. எல்லாம் வரிசையாக உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கால்நடை டாக்டர் குனிந்து மாமியாரின் காதைத் திருப்பினார். உள்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. சாப்பிடாமல் கிடந்தால் பூனைக்கு முதலில் ஈரல்தான் போகும் என்றார். மறுபடி பொடியைத் தூவிக் கொடுத்தால் பழக்கம் இன்னும் முற்றிவிடும். இனி எல்லாவற்றுக்கும் குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டும், எத்தனை பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"இருக்கிற பொடி மொத்தத்தையும் இப்பவே எரிச்சிடுங்க. ஒரு சிட்டிகைகூட மிச்சம் இருக்கக் கூடாது. இனிமே யாரும் அதைத் தயாரிக்கவும் கூடாது."

"மொத்தத்தையுமா சார்?"

அவளையும் அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. மேனேஜர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் கிண்ணங்களைப் பார்த்தாள்.

பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. அதன் வாசனை ஜன்னல் வழியாக அறைக்குள் வந்ததும், அதுவரை அசையாமல் கிடந்த பூனைகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன.

மாமியார் மட்டும் ஜன்னல் பக்கம் போகவில்லை. தள்ளாடிக்கொண்டே அவளிடம் வந்து, முன்னங்கால்களைத் தூக்கி, அவள் மேலங்கியின் பையை முகர்ந்தது. விடாமல் பிறாண்டியது. உங்கள் கையால் தின்று பழகிவிட்டது பாவம் என்று டாக்டர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அதே பையில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"பாப்பா நீ காலையில கிளம்பினதிலேர்ந்து வாயே திறக்கல. நீ அவ சாப்பாட்டுல தூவுவியே, அந்தச் சத்துப் பொடி, டப்பா காலி. எந்தக் கடைன்னு சொல்லு, நானே போய் வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். புகை மெலிந்துகொண்டே வந்தது.

பாப்பா அழுகிறாளா என்று மட்டும் கேட்டாள். அழுதால் தேவலை என்று கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு கேட்டாள்.

"அழுகையா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. சமத்தா உக்காந்து கதவையே பாத்துக்கிட்டிருக்கா."