மவுஸ் இல்லாமல்

கள்ளக்குறிச்சியில் ஹயாத் பாஷா நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்த அன்றே, ஜெபீனா மவுஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இன்னாம்மா இது? மெனுவுல ஒரு கிளிக் பண்ணா முடிஞ்சுது."

"எனக்கு எல்லாத்தையும் கீபோர்டுலயே கத்துக் குடுங்க, பாய். ஃபைல் தொறக்கறது, தேடறது, பிரிண்ட் போடறது எல்லாமே."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பஸ் ஓடாத நாட்களில்கூட வடக்கனந்தலிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தாள். கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பதையும் விடாமல் கற்றுக்கொண்டாள்.

பயிற்சி முடிந்ததும் பாஷா சொன்னார்: "டைப்பிங் வேல ஜாஸ்தி வருது. இங்கயே சேந்துடு. நாளைக்கு வந்துடறியா?"

"வந்துடறோம், பாய்."

மறுநாள் அவள் தோளைப் பிடித்தபடி ஒருவர் உள்ளே வந்தார்.

"எங்க வூட்டுக்காரரு சர்புதீன். பிரஸ்ல டிடிபி ஆபரேட்டரா இருந்தாரு. நான் இங்க சேர்றதுக்கு முன்னாடி நடந்த மறியல் அன்னிக்கு பஸ் கண்ணாடி தெறிச்சு ரெண்டு கண்ணும் போச்சு. மவுஸ் அம்பு இவருக்குத் தெரியாது. அதான் இங்க கத்துக்கினு போய் தெனமும் இவருக்குச் சொல்லிக் குடுத்தேன். வேலைய இவருக்குக் குடுங்க."

பாஷா தயங்கினார். சர்புதீன் நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, கீபோர்டில் விரல்களைப் பதித்தார்.

"சொல்லுங்க பாய், இன்னா அடிக்கணும்?"

பாஷா ஒரு கடிதம் சொன்னார். சர்புதீன் அடித்து, அவரே பிரிண்டும் கொடுத்தார்.

"தப்பு எதுனா இருக்குதா, பாய்?"

பாஷா தாளை நிதானமாகப் படித்தார்.

"ரெண்டாவது வரி, மொத வார்த்தையில கடைசி எழுத்து விட்டுப்போச்சு, சர்புதீன். திருத்திட்டு அடுத்த லெட்டரப் போடுங்க."